ஆலங்கட்டிக்குப் பின் வரும் கூரைக்காரர்

அமெரிக்காவின் சாதாரணத் தனி வீட்டுக்குக் கான்கிரீட் கூரை கிடையாது. சாய்வான மரச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, பலகைமேல் நீர் புகாத ஒரு விரிப்பு, எல்லாவற்றுக்கும் மேலே தார் ஊறிய கண்ணாடியிழைத் தகடுகள். கூரை என்பது அவ்வளவுதான். 'ஷிங்கிள்' எனப்படும் இந்தத் தகடுகளை மீன் செதில் போல ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஆணி அடித்திருப்பார்கள். மேற்பரப்பில் பதித்த பொடிக் கல்துகள்கள்தாம் தாரை வெயிலிலிருந்து காக்கின்றன. நல்ல நிலையில் 20 ஆண்டு ஓடும். டெக்சாஸ் வெயிலில் அதற்கும் குறைவாக.

ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டைத் தரையில் நின்றே விரல் நீட்டிக் காட்டிவிடலாம். ஷிங்கிள் கூரையில் அது பெரும்பாலும் நடக்காது. ஆலங்கட்டி விழுந்த இடத்தில் துகள் உதிர்ந்து, அடியிலுள்ள கண்ணாடியிழை விரிசல் விட்டிருக்கும். ஒழுகத் தொடங்க மாதங்கள், சில சமயம் ஆண்டுகள்கூட ஆகும். பலத்த காற்று தகடுகளைப் பிணைக்கும் பசைக்கோட்டைப் பிரித்துவிட்டு, தகட்டைப் பழையபடியே படுக்க வைத்துவிட்டும் போகும். வீட்டுக்காரர் கண்ணுக்குச் சேதம் தெரியாது. ஏணி வைத்து ஏறியவர் சொல்வதே சாட்சியாகிறது. புயலுக்குப் பிந்தைய காப்பீட்டுப் பிணக்குகளில் பெரும்பகுதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

டெக்சாஸ், ஓக்லஹோமா, கான்சாஸ், நெப்ராஸ்கா, கொலராடோ ஆகிய மாநிலங்களில் இளவேனில் வந்தால் ஆலங்கட்டியும் வரும். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஏறும் ஈரக்காற்றும் மேற்கு மலைப்பக்கத்து வறண்ட காற்றும் சந்திக்கும் சமவெளி அது. கோல்ஃப் பந்து அளவுக் கட்டிகள் அங்கே அதிசயமல்ல. 2016 ஏப்ரல் 12 மாலை சான் அன்டோனியோ நகரில் பெய்த ஆலங்கட்டியால் காப்பீட்டு நிறுவனங்கள் 100 கோடி டாலருக்கு மேல் கொடுக்க நேர்ந்தது. 2017 மே 8 அன்று டென்வர் வட்டாரத்தில் விழுந்ததற்கு ஏறத்தாழ 230 கோடி டாலர். கணினித் துறை வேலைக்காகப் போன தமிழ்க் குடும்பங்கள் நிறையவே வாழும் பிளேனோ, ஃபிரிஸ்கோ, இர்விங் போன்ற டாலஸ் புறநகர்கள் இந்த ஆலங்கட்டிப் பாதையில்தான் இருக்கின்றன.

மழை விட்ட மறுநாள் காலை, ஏணி கட்டிய பிக்கப் வண்டிகள் தெருவுக்குள் வந்துவிடும். எந்தத் தெருவில் எந்த அளவுக் கட்டி விழுந்தது என்று ரேடார் தரவிலிருந்து வரைபடம் தயாரித்து விற்கும் நிறுவனங்கள் உண்டு. அதை வாங்கி, புயலின் பின்னாலேயே மாநிலம் விட்டு மாநிலம் போகும் கூரை ஒப்பந்தக்காரர்களை 'ஸ்டார்ம் சேஸர்' என்பார்கள். காசில்லாமல் கூரையைப் பார்த்துச் சொல்கிறோம் என்று கதவைத் தட்டுவது அவர்கள் வழக்கம். ஃபுளோரிடாவில் கூரை வேலை செய்ய மாநில உரிமம் வேண்டும். டெக்சாஸில் மாநில அளவில் அப்படி ஒரு உரிமமே இல்லை. ஏணியும் வண்டியும் அச்சடித்த அட்டையும் இருந்தால் தொழில் தொடங்கலாம். ஆனால் வெளியூர்க்காரர் என்றாலே ஏமாற்றுக்காரர் என்று முடிவுகட்டுவது தவறு. பல்லாயிரம் கூரைகள் ஒரே மாலையில் சேதமானால் உள்ளூர் ஆட்கள் போதமாட்டார்கள். வெளியாள் வந்தால்தான் வேலை நடக்கும். ஆளின் ஊரைவிட அவர் நீட்டும் தாளைத்தான் கவனிக்க வேண்டும்.

அந்தத் தாளின் தலைப்பு பெரும்பாலும் கூரையைச் சோதிக்க அனுமதி என்பது போல இருக்கும். அடியில் பொடி எழுத்தில், காப்பீட்டு நிறுவனம் பணம் தர ஒப்புக்கொண்டால் முழு வேலையும் எங்களுக்கே, விலை அவர்கள் தரும் தொகையே, மாறினால் இத்தனை சதவீதம் அபராதம் என்று இருக்கலாம். இதில் கையெழுத்திட்டவர், சேதம் இருக்கிறதா என்றே தெரியாத நிலையில் வேலையை ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். வீட்டு வாசலில் போடப்பட்ட விற்பனை ஒப்பந்தத்தை மூன்று வேலை நாட்களுக்குள் ரத்துசெய்யலாம் என்று மத்திய வணிக ஆணையத்தின் விதி சொல்கிறது. அதற்குள் படித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

காப்பீட்டு ஒப்பந்தத்தில் இருப்பது இரண்டே தரப்பு: வீட்டு உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம். கூரை ஒப்பந்தக்காரருக்கு அதில் இடமில்லை. அவருடைய ஒப்பந்தம் வேறு. அது உரிமையாளரோடு மட்டும். இந்த இரண்டு தாள்களும் தனித்தனியே இருக்கும்வரை பெரிய சிக்கல் எழுவதில்லை. ஒன்றை இன்னொன்றோடு கலக்கும்போதுதான் பணம் யாருடையது, வழக்கு யாருடையது என்ற கேள்விகள் முளைக்கின்றன. கடந்த பத்தாண்டில் அமெரிக்க மாநிலங்கள் இந்தத் துறையில் போட்ட சட்டங்களில் பல, இந்தக் கலப்பைப் பிரிக்கும் முயற்சிகளே.

பணக் கணக்கு புரியாமல் மற்றவை புரியாது. பாலிசிகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் புதுக் கூரைக்கு ஆகும் முழுச் செலவும் கிடைக்கும். இரண்டாவது வகையில் கூரையின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்து மிச்சம்தான் கிடைக்கும். இரண்டிலுமே 'டிடக்டிபிள்' என்ற தொகையை உரிமையாளர் தன் கையிலிருந்து போட வேண்டும். டெக்சாஸில் காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் இது பெரும்பாலும் வீட்டின் காப்பீட்டு மதிப்பில் 1 அல்லது 2 சதவீதமாக இருக்கிறது. சேதத்தில் 2 சதவீதம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பலர். அப்படியல்ல, வீட்டின் மதிப்பில் 2 சதவீதம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வீட்டின் காப்பீட்டு மதிப்பு 4 லட்சம் டாலர். டிடக்டிபிள் 2 சதவீதம், அதாவது 8,000 டாலர். புதுக் கூரைக்கு 20,000 டாலர் ஆகும். பழைய கூரையின் தேய்மானம் 8,000 என்று நிறுவனம் மதிப்பிடுகிறது. 20,000-ல் தேய்மானம் போக 12,000; அதில் டிடக்டிபிள் போக 4,000. முதல் காசோலை இந்த 4,000 டாலருக்குத்தான் வரும். முழுச் செலவு தரும் பாலிசி என்றால், வேலை முடிந்து ரசீது காட்டியபின் நிறுத்திவைத்த 8,000 வரும். உரிமையாளருக்கு மொத்தம் 12,000 கிடைத்து, கைச்செலவு 8,000 ஆகும். தேய்மானம் கழிக்கும் பாலிசி என்றால் அந்த 4,000 மட்டுமே. மீதி 16,000 அவர் பாடு. முதல் காசோலையைப் பார்த்து, நிறுவனம் ஏமாற்றிவிட்டது என்று கொதிப்பவர்களில் பலர் இந்த இரண்டு தவணை ஏற்பாட்டை அறியாதவர்கள். வீட்டுக்கடன் பாக்கி இருந்தால் காசோலையில் வங்கியின் பெயரும் சேர்ந்தே வரும். வங்கி கையெழுத்துப் போடாமல் பணம் நகராது.

டிடக்டிபிள் தொகை பெரிதாகப் பெரிதாக, அதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், உங்களுக்குக் காலணா செலவில்லை என்ற வாக்குறுதியும் பெருகியது. அந்த 8,000 டாலரை எந்த ஒப்பந்தக்காரரும் தன் பையிலிருந்து எடுப்பதில்லை. ஒன்று, நிறுவனத்துக்கு அனுப்பும் ரசீதில் விலையை ஏற்றுவார். அல்லது மலிவான தகடும் குறைவான ஆணியும் போட்டு ஈடுகட்டுவார். வீட்டு முன் எங்கள் விளம்பரப் பலகை வைத்ததற்குக் கட்டணம் என்று கணக்கில் கழித்துக்காட்டுவதும் உண்டு. டெக்சாஸ் சட்டமன்றம் 2019-ல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றி அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. டிடக்டிபிளைத் தள்ளுபடி செய்வதாகச் சொல்லி வேலை பிடிக்கும் ஒப்பந்தக்காரர் குற்றவாளி. அந்தத் தொகையை உரிமையாளர் உண்மையில் செலுத்தியதற்கான சான்றை நிறுவனம் கேட்கலாம், அது வரும்வரை நிறுத்திவைத்த தேய்மானத் தொகையைத் தராமலிருக்கலாம். ஏற்றிய ரசீது என்று தெரிந்தே உடன்பட்ட உரிமையாளரும் மோசடியில் கூட்டாளியாகிறார் என்பதைக் கதவைத் தட்டுபவர் சொல்லமாட்டார்.

காப்பீடு கோரியதும் சேதத்தை மதிப்பிட வருபவர் அட்ஜஸ்டர். இந்தியாவில் சர்வேயர் செய்யும் வேலையை ஏறக்குறைய அங்கே இவர் செய்கிறார். நிறுவனத்தின் சொந்த ஊழியர் வரலாம். பெரும்புயல் காலத்தில் கூலிக்கு அமர்த்திய வெளியாளும் வரலாம். இருவரும் நிறுவனத்துக்காக வேலை செய்பவர்களே. கூரையின் ஒவ்வொரு சரிவிலும் பத்தடிக்குப் பத்தடி சதுரம் போட்டு, அதற்குள் ஆலங்கட்டித் தடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு எண்ணுவது அவர்கள் முறை. புகைக்குழாய் மூடி, கூரை விளிம்பில் ஓடும் தகர வாய்க்கால், வெளியே வைத்த ஏ.சி. பெட்டியின் மெல்லிய தகடுகள் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். ஷிங்கிளைச் சேதப்படுத்தும் கட்டி உண்மையில் விழுந்திருந்தால் மெல்லிய உலோகத்திலும் பெரும்பாலும் குழி இருக்கும். உலோகம் அப்படியே இருக்க, ஷிங்கிளில் மட்டும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் தடங்கள் தெரிந்தால் சுத்தியல் வேலை என்று சந்தேகிப்பார்கள். அப்படிச் சேதத்தை உண்டாக்கிப் பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள். ஆகவே, வீட்டில் ஆளில்லாதபோது எவரையும் கூரைமேல் ஏற விடக்கூடாது என்பது வெறும் அச்சமல்ல.

உரிமையாளர் தனக்காகப் பேச ஒருவரை அமர்த்திக்கொள்ளவும் வழியுண்டு. 'பப்ளிக் அட்ஜஸ்டர்' எனப்படும் இவர் மாநில உரிமம் பெற்றவர். கிடைக்கும் தொகையில் ஒரு பங்கு அவருடைய கட்டணம். டெக்சாஸில் உச்சவரம்பு 10 சதவீதம். கூரை போடும் ஒப்பந்தக்காரரே இந்த வேலையையும் சேர்த்துச் செய்வதை டெக்சாஸ் சட்டம் தடுக்கிறது. சேதம் பெரிதென்று வாதாடுபவரும் அந்தச் சேதத்தைச் சரிசெய்து காசு வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கலாகாது என்பது அதன் அடிப்படை. இந்தத் தடை பேச்சுரிமையைப் பறிக்கிறது என்று ஒரு கூரை நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2024 ஜூனில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது: சட்டம் கட்டுப்படுத்துவது தொழிலையே, பேச்சை அல்ல. ஒப்பந்தக்காரர் அட்ஜஸ்டர் வரும்போது உடனிருக்கலாம்; எத்தனை சதுரம் மாற்ற வேண்டும், பலகைக்கு என்ன விலை என்று தன் வேலையைப் பற்றிப் பேசலாம். பாலிசி இதை ஈடுகட்டுமா, எவ்வளவு தர வேண்டும் என்று உரிமையாளருக்காக வாதாடக்கூடாது. காப்பீட்டு நிபுணர் என்று சட்டையில் எழுதிக்கொண்டு வருபவர் இந்தக் கோட்டைத் தாண்டியிருக்கக் கூடும்.

கோடு முற்றாக அழிந்தால் என்ன ஆகும் என்பதை ஃபுளோரிடா காட்டியது. அங்கே உரிமையாளர் தன் காப்பீட்டுப் பயனை ஒரே தாளில் ஒப்பந்தக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிட முடிந்தது. பிறகு நிறுவனத்தோடு பேசுவதும் பணம் வாங்குவதும் வழக்குப் போடுவதும் ஒப்பந்தக்காரர்தான். வழக்கில் தோற்ற நிறுவனம் எதிர்த்தரப்பு வக்கீல் கட்டணத்தையும் தர வேண்டும் என்ற பழைய சட்டம், உரிமையாளரைக் காக்க வந்தது. அது ஒப்பந்தக்காரர் கைக்குப் போனது. 2019-ல் அமெரிக்கா முழுவதும் வந்த வீட்டுக் காப்பீட்டுக் கோரிக்கைகளில் ஃபுளோரிடாவின் பங்கு சுமார் 8 சதவீதம்; தொடுக்கப்பட்ட வழக்குகளில் அதன் பங்கு சுமார் 76 சதவீதம். கூரையில் 25 சதவீதத்துக்கு மேல் சேதமானால் முழுக் கூரையையும் புதிய விதிப்படி மாற்ற வேண்டும் என்ற கட்டட விதியும் எரியும் தீயில் எண்ணெய் வார்த்தது; கால் பங்கு சேதம் என்று காட்டிவிட்டால் முழுக் கூரை கிடைக்கும் அல்லவா?

நிறுவனங்கள் வரிசையாகத் திவாலாயின; சில மாநிலத்தை விட்டே வெளியேறின. வேறு வழியற்றவர்களுக்காக மாநிலம் நடத்தும் 'சிட்டிசன்ஸ்' நிறுவனத்தில் 2023-ல் 14 லட்சம் பாலிசிகள் வரை சேர்ந்தன. 2019-ல் தொடங்கிய திருத்தங்கள் 2022 டிசம்பரில் உச்சத்தை எட்டின: 2023 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் வீட்டுப் பாலிசிகளில் பயனை எழுதிக் கொடுப்பது செல்லாது, ஒருதலை வக்கீல் கட்டணமும் இல்லை. அதே சட்டம் சேதத்தைத் தெரிவிக்கும் கெடுவையும் ஓராண்டாகக் குறைத்தது. ஒப்பந்தக்காரர்களின் சுரண்டலுக்கு விலை கொடுத்தவர்கள் கடைசியில் உரிமையாளர்கள்தாம். நியாயமான கோரிக்கை உள்ளவருக்கும் இப்போது நீதிமன்றம் போவது முன்னைவிடச் செலவு. 25 சதவீத விதி 2022-ல் தளர்த்தப்பட்டது. 2007-ஆம் ஆண்டு விதித்தொகுப்பின்படியோ அதற்குப் பிந்தைய தொகுப்பின்படியோ போட்ட கூரை என்றால் சேதமான பகுதியை மட்டும் மாற்றினால் போதும்.

கடலோரத்தில் இன்னொரு சிக்கல். சாதாரண வீட்டுப் பாலிசி பொதுவாகக் காற்றால் வரும் சேதத்துக்குப் பொறுப்பேற்கும்; வெள்ளத்துக்கு ஏற்காது. வெள்ளத்துக்கு 1968-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் தனிப் பாலிசி வேண்டும். அதில் வீட்டுக் கட்டடத்துக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர், எடுத்து 30 நாள் கழித்தே அமலாகும் என்பது பொது விதி. 2005-ல் காத்ரீனா சூறாவளி மிசிசிப்பிக் கரையில் பல வீடுகளை அடித்தளம் மட்டும் மிஞ்சும்படி துடைத்துச் சென்றபோது, காற்று முதலில் பெயர்த்ததா, கடல் முதலில் அடித்ததா என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றங்களில் நடந்தது. வீடு நின்றிருந்தால், கூரைச் சேதத்தையும் சுவரையும் உடனே படமெடுப்பது இதனால்தான் முக்கியம்: கூரை பெயர்ந்து மேலிருந்து நனைந்ததா, தரைவழி நீர் ஏறியதா என்பதைச் சுவரில் படிந்த நீர்க்கோடே சொல்லிவிடும்.

இனி நடைமுறை வரிசை. புயல் ஓய்ந்ததும் உரிமையாளர் செய்ய வேண்டியவற்றில் முதலிடம் படத்துக்கு: தரையிலிருந்து நான்கு பக்கமும், உள்ளே கூரை அடியில் ஈரமும், தரையில் கிடந்த கட்டியின் அளவும். அடுத்தது தார்ப்பாய். மேலும் சேதமாகாமல் தடுப்பது பாலிசியின் கீழ் உரிமையாளரின் கடமை. தார்ப்பாய் போட்ட செலவின் ரசீது கோரிக்கையில் சேரும். பெரும் சூறாவளிக்குப் பின் சில பகுதிகளில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை நீலத் தார்ப்பாயை இலவசமாகவே அடித்துத் தருகிறது. நிரந்தர வேலையை மட்டும் அட்ஜஸ்டர் பார்க்கும்வரை தொடங்கக்கூடாது. பிறகு நிறுவனத்துக்குத் தகவல். டெக்சாஸ் சட்டப்படி, தகவல் கிடைத்ததை 15 நாளில் அது ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்ட ஆவணமெல்லாம் வந்தபின் 15 வேலை நாளில் ஏற்பதா மறுப்பதா என்று சொல்ல வேண்டும். ஏற்றால் 5 வேலை நாளில் பணம். பேரிடர்க் காலத்தில் இந்தக் கெடுக்கள் நீளும்.

ஒப்பந்தக்காரரைத் தேர்வது இதற்குப் பின்தான். அவருடைய பொறுப்புக் காப்பீட்டுச் சான்றை அவர் கையிலிருந்து வாங்குவதைவிட, அதை வழங்கிய முகவரிடமே தொலைபேசியில் கேட்பது மேல். காலாவதியான சான்றின் நகலைத் திருத்துவது மிக எளிது. கூரையிலிருந்து விழுந்த தொழிலாளிக்கு இழப்பீடு தர ஒப்பந்தக்காரரிடம் காப்பீடு இல்லையென்றால் வழக்கு வீட்டுக்காரர்மேல் திரும்பலாம். முன்பணமாக முழுத்தொகை கொடுப்பது கூடாது. டெக்சாஸில் அறிவிக்கப்பட்ட பேரிடருக்குப் பின் வெளியூர் ஒப்பந்தக்காரர் வேலை தொடங்குமுன் பணம் கேட்பதற்கே சட்டத்தில் தடை உண்டு. கடைசித் தொகை கொடுக்குமுன், சரக்குக் கடைக்குப் பாக்கி இல்லை என்ற எழுத்துப்பூர்வமான விடுவிப்பு வாங்க வேண்டும். ஒப்பந்தக்காரர் கடைக்குப் பணம் கட்டாவிட்டால் கடைக்காரர் வீட்டின்மேலேயே உரிமை கோரலாம். உரிமையாளர் ஒரே கூரைக்கு இருமுறை பணம் கட்டும் துயரம் இப்படித்தான் நேர்கிறது.

நிறுவனம் மறுத்தாலோ குறைத்தாலோ, எழுத்தில் காரணம் கேட்டு, வேறொரு அட்ஜஸ்டரை அனுப்பச் சொல்லலாம். பழைய தகடுகளைப் பிரித்தபின் பலகை அழுகியிருப்பது தெரிந்தால் கூடுதல் தொகை கோருவது சாதாரண நடைமுறை. சேதம் உண்டு என்பதில் இணக்கம் இருந்து, தொகையில் மட்டும் தகராறு என்றால், பல பாலிசிகளில் ஒரு பிரிவு உதவும்: இரு தரப்பும் ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை வைத்து, இருவரும் சேர்ந்து ஒரு நடுவரைத் தேர்ந்து, மூவரில் இருவர் ஒப்பும் தொகையை ஏற்பது. மாநிலக் காப்பீட்டுத் துறையில் புகார் செய்யக் கட்டணம் இல்லை. பலர் இந்தப் படியைத் தாண்டி நேராக வக்கீலிடம் போய்விடுகிறார்கள்.

நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. 10 அல்லது 15 ஆண்டு கடந்த கூரைக்குத் தேய்மானம் கழித்தே தருவோம், தகரக் கூரையில் ஒழுகாத குழிகளுக்கு எதுவும் தரமாட்டோம் என்று பாலிசியை மாற்றுகிறார்கள். புதுப்பிக்கும்போது வரும் காகிதத்தில் இது ஒரு வரியாக இருக்கும். புயலுக்குப் பின்தான் பலர் அதைப் படிக்கிறார்கள். ஆலங்கட்டித் தாக்குதலைத் தாங்குவதாகச் சோதனையில் நான்காம் தரம் பெற்ற ஷிங்கிள்களுக்கு டெக்சாஸில் பல நிறுவனங்கள் பிரீமியத்தில் தள்ளுபடி தருகின்றன. அலபாமா மாநிலம் ஒருபடி மேலே போய், காற்றைத் தாங்கும் 'ஃபோர்ட்டிஃபைட்' தரத்தில் கூரை போட 10,000 டாலர் வரை மானியம் தருகிறது. அந்தத் தரச்சான்று கிடைக்க, ஒப்பந்தக்காரரையும் நிறுவனத்தையும் சாராத மூன்றாம் ஆள் ஒருவர் வேலையைச் சோதித்து ஆவணப்படுத்த வேண்டும்.

அமெரிக்காவில் வீடு வைத்திருப்பவர்கள், அடுத்த ஆலங்கட்டிக் காலத்துக்கு முன் பாலிசியின் முதல் பக்கத்தில் இரண்டை மட்டும் பார்த்து வைக்கட்டும்: காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் டிடக்டிபிள் எத்தனை டாலர், கூரைக்குக் கிடைப்பது முழுச் செலவா, தேய்மானம் போனதா.